வயிற்றுக்குள் சிக்குக் கட்டி: செரிக்காதது எங்கே போகும்?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது என் சித்தியைக் குடியாத்தம் பக்கம் ஒரு ஊருக்கு ‘மருந்து எடுக்க’க் கூட்டிப் போனார்கள். அவருக்கு ஆறு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே எரிச்சல், இரண்டு வாய் வைத்ததும் தட்டைத் தள்ளிவிடுவார். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று பாட்டி முடிவு கட்டிவிட்டார். வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இடுமருந்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆளை வசியம் பண்ணவோ கெடுக்கவோ முடி, நகம், வேர் என்று எதையோ சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடுவார்கள், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு வளரும் என்பது நம்பிக்கை.

அந்த ஊர்ப் பெரியவர் சித்தியைப் படுக்க வைத்தார். தொப்புளுக்கு மேலே ஒரு குழாயை வைத்து வாயால் உறிஞ்சி, பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சட்டியில் துப்பினார். கொட்டைப்பாக்கு அளவில் கறுப்பாக ஒரு கட்டி. குச்சியால் பிரித்துக் காட்டினால் உள்ளே முடி! அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொஞ்சம் வளர்ந்ததும் அது வாய்க்குள் அடக்கி வைத்திருந்த கட்டி என்று புரிந்தது. தோல், கொழுப்பு, தசை, அதற்கடியில் உறை, அப்புறம் இரைப்பையின் தடித்த சுவர். இத்தனையையும் ஓட்டை போடாமல் தாண்டி ஒரு கட்டியை உறிஞ்சி எடுக்க முடியாது. ஆகவே வயிற்றில் முடிக்கட்டி என்பதே புளுகு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதுதான் தப்பு. முடிக்கட்டி நிஜமாகவே உண்டு. கொட்டைப்பாக்கு அளவில் அல்ல, இரைப்பையையே அச்சாக வைத்து வார்த்தது போன்ற அளவில் அறுவை மருத்துவர்கள் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதை யாரும் வைக்கவில்லை. நம் வயிறு வேலை செய்யும் விதமே அதை உருட்டித் திரட்டுகிறது.

மருத்துவத்தில் இதற்குப் பெசோர் என்று பெயர். விழுங்கிய ஒன்று செரிக்கவும் செரிக்காமல், வெளியேறவும் மாட்டாமல், உணவுப்பாதையில் சேர்ந்து சேர்ந்து இறுகிய திரள். பெரும்பாலும் இரைப்பையில் இருக்கும். புற்றுக்கட்டி போல உடம்பின் சதையிலிருந்து முளைத்ததல்ல, பைக்குள் தனியாகக் கிடக்கும் உருண்டை. அதனால்தான் சிலருக்கு மேல்வயிற்றைத் தொட்டால் கையில் நகரும்.

இது எப்படிச் சேர்கிறது என்று தெரிய, இரைப்பை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதை வெறும் பை என்றே நினைத்துப் பழகிவிட்டோம். மேல்பாதி பைதான், சாப்பிட்டதை வாங்கி வைத்துக்கொள்ளும். கீழ்ப்பாதியோ ஆட்டுக்கல். தடித்த தசை, நிமிடத்துக்கு மூன்று முறை என்ற கணக்கில் அலை அலையாகச் சுருங்கி, அமிலத்தோடு சேர்த்து உணவைக் கூழாக அரைக்கிறது. ஆட்டுக்கல்லின் முடிவில் பைலோரஸ் என்ற வாசல். சாப்பாடு உள்ளே இருக்கும் நேரத்தில் இந்த வாசல் ஏறக்குறைய மூடியபடியே இருக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் அரைபட்ட துணுக்குகள் மட்டும் கூழோடு சிறுகுடலுக்குள் நழுவும். பெரியதெல்லாம் முட்டித் திரும்பி மறுபடி அரைபடும். மாவு சலிக்கும்போது மேலே நிற்கிற கப்பியை மறுபடி உரலில் போடுவோமே, அதே கதை.

சரி, எத்தனை முறை அரைத்தாலும் மாவாகாத கப்பி என்ன ஆகும்? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. சாப்பாடு முழுக்க இறங்கி வயிறு காலியானதும், சுமார் ஒன்றரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையில் ஒரு பலத்த அலை கிளம்பும். அப்போது வாசல் அகலத் திறக்கும். மீந்து கிடப்பதையெல்லாம் அந்த அலை துடைப்பம் போல வழித்துக் குடலுக்குள் தள்ளி, கடைசி வரை ஓட்டிக்கொண்டு போகும். வெறும் வயிறு கடமுட என்று சத்தம் போடுகிறதே, அதில் இந்த அலைக்கும் பங்குண்டு. புளியங்கொட்டை, குழந்தை விழுங்கிய நாணயம், சாம்பாரில் வந்த ஒற்றை முடி எல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான் வெளியே போகின்றன. சூயிங்கம் விழுங்கினால் ஏழு வருஷம் வயிற்றில் இருக்கும் என்று பள்ளியில் பயமுறுத்துவார்கள். ஒன்றிரண்டு விழுங்கினால் அதுவும் சில நாளில் போய்விடும். தினம் தினம் விழுங்கிக்கொண்டே இருந்த குழந்தைகளுக்கு மட்டும் கட்டியாக நின்றதுண்டு.

ஆக, கட்டி சேர வேண்டுமென்றால் இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும். ஒன்று, உள்ளே போவது அரைபடவும் வழித்தெடுக்கவும் வராத பொருளாக இருக்க வேண்டும். அல்லது ஆட்டுக்கல்லும் துடைப்பமும் மந்தமாகியிருக்க வேண்டும்.

முதல் வகைக்கு முடியை விட்டால் வேறு சாட்சி வேண்டாம். முடி கெரட்டின் என்ற புரதம். மனித வயிற்றின் அமிலமும் நொதிகளும் அதைக் கரைக்க முடியாது. அதோடு அது வழுவழுப்பானது. வழிக்கும் அலைக்குப் பிடிமானம் கிடைக்காமல், இரைப்பையின் உள்மடிப்புகளில் படிந்து நின்றுவிடும். ஒன்றிரண்டு என்றால் எப்படியோ போய்விடும். தினமும் வந்து சேர்ந்தால் முதலில் வந்தது அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். குளியலறைச் சாக்கடை வாயில் சிக்குமுடி உருண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தண்ணீர் செய்வதை இங்கே ஆட்டுக்கல் செய்கிறது: புரட்டிப் புரட்டித் திரித்து, சளியையும் சோற்றையும் இடையில் வைத்து அழுத்துகிறது. மாதங்கள், வருஷங்கள் போனால் பை நிறைந்து, அதே வடிவத்தில் ஒரு கட்டி. விழுங்கிய முடி எந்த நிறமாக இருந்தாலும் அமிலம் பட்டுக் கட்டி கறுத்துவிடும். இடையில் சிக்கிய உணவு அழுகுவதால் வாயிலும் நாற்றம் வரும்.

சில சமயம் கட்டி இரைப்பையோடு நிற்காது. பைலோரஸ் வழியாகச் சிறுகுடலுக்குள் சடை போல வால் விட்டு இறங்கும். 1968-இல் இதை விவரித்த மருத்துவர்கள், கோபுரத்திலிருந்து நீளக் கூந்தலைத் தொங்கவிட்ட ஜெர்மானியக் கதைப் பெண்ணின் பெயரால் ராப்புன்செல் நோய்க்குறி என்று அழைத்தார்கள். பெயர் அழகாக இருக்கிறது, நோய் அப்படியல்ல. அந்த வால் குடலை இழுத்துச் சுருக்கும், அடைக்கும், சில நேரம் ஓட்டையே போட்டுவிடும்.

இந்த முடி யாருடையது? அநேகமாக அவரவருடையதுதான். தன் முடியைத் தானே பிடுங்கும் ஒரு மனநலக் கோளாறு உண்டு, பிடுங்குபவர்களில் ஒரு பகுதியினர் அதைத் தின்னவும் செய்வார்கள். முடிக்கட்டி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வளரும் சிறுமிகளும் இளம்பெண்களும். மண், சாம்பல், சாக்பீஸ் தின்னும் பழக்கமும் சிலரிடம் சேர்ந்தே இருக்கும், இரத்தசோகையும் இருக்கும். குழந்தை சாப்பிட மாட்டேன் என்கிறாள், இளைத்துப் போகிறாள், அடிக்கடி வாந்தி, தலையில் அங்கங்கே முடி கொட்டி வழுக்கை தெரிகிறது. இவ்வளவும் சேர்ந்து வந்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். நம் ஊரில் முதலில் வருவது இடுமருந்துச் சந்தேகம். அந்தக் குழந்தையைக் குழாய்க்காரரிடம் கூட்டிப் போனால் அவரும் முடிக்கட்டியைத்தான் காட்டுவார் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. நிஜமான கட்டி உள்ளேயே இருக்கும், எடுத்தாயிற்று என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

முடிக்கட்டி பெரிதாகிவிட்டால் மருந்துக்குக் கரையாது. பெரும்பாலும் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அறுவை சுலபமானதுதான், அதற்குப் பிறகு வரும் வேலைதான் நீளம். பிடுங்கும் பழக்கத்துக்குச் சிகிச்சை தராவிட்டால் கட்டி மறுபடி சேரும். வேலூர்க்காரர்களுக்கு இது தூரத்து விஷயமல்ல, சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்திலேயே இருக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குவது அங்கே வழக்கம். அந்த வழக்கம் இந்த நோய்க்கு ரொம்பப் பொருத்தம், ஏனென்றால் குழந்தை எப்போது முடியைப் பிடுங்குகிறாள் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

உலகம் முழுக்க எண்ணிக்கையில் அதிகம் முடிக்கட்டி அல்ல, நார்க்கட்டி. பைட்டோபெசோர் என்பார்கள். காய்கனி நாரில் இருக்கும் செல்லுலோஸை உடைக்கும் நொதி மனிதனிடம் இல்லை. மாட்டின் வயிற்றில் அதற்கென்று நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இதனால் யாரும் கீரையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆட்டுக்கல் நன்றாக ஓடும் வயிற்றில் நார் வந்த வழியே போய்விடும், மலச்சிக்கலுக்கும் நல்லது. சிக்கல் வருவது, நான் சொன்ன அந்த இரண்டாவது வகை ஆட்களுக்கு. பல் விழுந்த பெரியவர்கள் பனங்கிழங்கையும் ஆரஞ்சுச் சுளையையும் மெல்லாமல் விழுங்கினால் நார் முழுசாக உள்ளே போகும். நெடுநாள் சர்க்கரை நோய், இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பைப் பாதித்தால் அரைப்பும் குறையும், வழிப்பும் குறையும். அப்புறம் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள். இன்றைய அமிலக் குறைப்பு மாத்திரைகள் வருவதற்கு முன்னால், தீராத குடல்புண்ணுக்கு வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டோ குடலோடு புதுவழி வைத்துத் தைத்தோ அனுப்புவார்கள். அமிலமும் குறைந்து ஆட்டுக்கல்லும் போன வயிறு அது.

நார்க்கட்டியில் ஒரு வகை எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தமானது. பிடித்தமானது என்று சொல்லக் கூடாதுதான், ஆனால் நம் ஊரின் தொழிலை வைத்தே விளக்கிவிடலாம் என்பதால் சொல்கிறேன். பெர்சிமன் என்று ஒரு பழம், பார்க்கத் தக்காளி மாதிரி இருக்கும். ஜப்பான், கொரியா, சீனாவில் விரும்பித் தின்பார்கள். நம் ஊருக்கு அந்நியம் போலத் தெரிந்தாலும் அதன் குடும்பம் நமக்குத் தெரிந்ததுதான். கருங்காலியும், குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் முறத்தில் வைத்துச் சுற்றுகிற பீடி இலையின் மரமும் அதே இனம். இந்தப் பழத்தைக் காய்வெட்டாகவோ தோலோடோ நிறையத் தின்றால் வயிற்றில் கல்லைப் போலக் கட்டி சேரும்.

காரணம் டானின், அதாவது துவர்ப்பு. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தால், கடுக்காயை நாக்கில் வைத்தால், வாய் வறண்டு நாக்கு இழுத்துப் பிடிக்கிறதல்லவா? எச்சிலில் உள்ள புரதத்தோடு டானின் ஒட்டி அதைத் திரள வைப்பதால் வரும் உணர்ச்சி அது. இதையே பெரிய அளவில் செய்தால் அதன் பெயர் தோல் பதனிடுதல். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் குரோமியம் வருவதற்கு முன் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பட்டை ஊறிய தண்ணீர்க் குழியில் பச்சைத் தோலைப் போட்டு வைப்பார்கள். டானின் தோலின் புரத இழைகளைப் பிணைத்துவிடும், அதற்குப் பிறகு அந்தத் தோல் அழுகாது. (குரோமியம் வந்த பிறகு பாலாற்றுக்கு என்ன ஆனது என்பது வேறு கதை, இங்கே ஆரம்பித்தால் முடியாது.) பழுக்காத பெர்சிமனில் இருக்கும் டானின், வயிற்று அமிலம் பட்டதும் ஒன்றோடொன்று பின்னிக் கோந்து போல ஆகி, பக்கத்தில் கிடக்கும் நாரையும் புரதத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. வயிற்றுக்குள் ஒரு சின்னப் பட்டைக் குழி என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நார்க்கட்டியைவிட இது கடினமானது, கரைப்பதும் கஷ்டம்.

கரைப்பது என்றதும் கோக்க கோலா ஞாபகம் வருகிறது. விளையாட்டல்ல. 2002-இல் கிரேக்க மருத்துவர்கள் மூக்குவழிக் குழாயில் லிட்டர் கணக்கில் கோக்க கோலாவை இரைப்பைக்குள் செலுத்தி நார்க்கட்டியைக் கரைத்ததாக எழுதினார்கள். அதன் பிறகு பல நாடுகளில் செய்தார்கள். 2013-இல் அதுவரை வந்த நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, பாதிப் பேருக்குக் கோலா மட்டுமே போதுமானதாக இருந்தது. எண்டோஸ்கோப்பியில் உடைப்பதையும் சேர்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியானது. கோலாவின் அமிலமும் வாயுக் குமிழிகளும் நாருக்கிடையே புகுந்து கட்டியை இளக்குகின்றன என்று நினைக்கிறார்கள். சர்க்கரை இல்லாத கோலாவும் வேலை செய்கிறது. முடிக்கட்டி மட்டும் இதற்கு மசியாது. இதைப் படித்துவிட்டு யாரும் கடைக்கு ஓட வேண்டாம். பாதி கரைந்த கட்டி இரைப்பையை விட்டு நழுவிச் சிறுகுடலில் போய் அடைத்துக்கொண்டால் அவசர அறுவைதான். ஆஸ்பத்திரியில், கண்காணிப்பில் செய்கிற வேலை இது.

பப்பாளிக்காய் போட்டால் கறி வேகும் என்பது ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பப்பாளியின் பப்பாயின் நொதியையும் ஒரு காலத்தில் இந்தக் கட்டிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டியோடு சேர்த்து வயிற்றுச் சுவரையும் அரித்துப் புண்ணாக்கியதால் இப்போது கைவிட்டுவிட்டார்கள்.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பால்பவுடரைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் தயிர் போலத் திரண்டு பால்கட்டியாகலாம். சில மாத்திரைகளை, குறிப்பாக மெதுவாகக் கரையும்படி மேல்பூச்சு போட்டவற்றை, அளவுக்கு மீறி விழுங்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். மலச்சிக்கலுக்குக் குடிக்கும் இசப்கோலைத் தண்ணீர் போதாமல் விழுங்கினால் தொண்டைக்குக் கீழேயே ஊதி அடைத்துக்கொள்ளும், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் என்று அட்டையில் எழுதியிருப்பது சும்மா இல்லை. கொய்யா விதை, சப்பாத்திக்கள்ளிப் பழத்து விதை போன்றவற்றை ஏராளமாக விழுங்கினால் அவை இரைப்பையைத் தாண்டிவிடும், ஆனால் மலக்குடலில் போய்க் கூழாங்கல் மூட்டை மாதிரி நின்றுவிடும். நம் ஊர் வறண்ட மேட்டில் சப்பாத்திக்கள்ளிப் பழத்தை முள்ளைத் தேய்த்துவிட்டுத் தின்று, உதடு சிவந்து திரிந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அளவோடு தின்றவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பெசோர் என்ற சொல்லின் பிறப்பு இதைவிட வேடிக்கை. பாரசீகத்தில் பாத்-சஹர், விஷத்தை முறிப்பது என்று பொருள். ஆட்டின் வயிற்றிலும் மற்ற அசைபோடும் விலங்குகளின் வயிற்றிலும் உருளும் இந்தக் கட்டிகள் எந்த விஷத்தையும் முறிக்கும் என்று அரபு நாடுகளிலும் ஐரோப்பாவிலும் நம்பினார்கள். அரசர்கள் தங்கத்தில் பொதிந்து கிண்ணத்தில் வைத்துக் குடித்தார்கள். தேவை அதிகமாகிக் கல் கிடைக்காமல் போகவே, 17-ஆம் நூற்றாண்டில் கோவாவில் ஏசு சபைத் துறவிகள் செயற்கையாகவே உருட்டத் தொடங்கினார்கள். அதற்குக் கோவாக் கல் என்று பெயர். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உரசிக் கொடுக்கும் கோரோசனை இதற்குப் பங்காளி முறை, அது மாட்டின் பித்தப்பையில் உருவாகும் கல்.

இந்த நம்பிக்கையைச் சோதித்தவர் பிரான்ஸ் அரசர் ஒன்பதாம் சார்லஸின் அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே. வெள்ளிப் பாத்திரம் திருடித் தூக்குத் தண்டனை பெற்ற சமையல்காரன் ஒருவனிடம், விஷம் குடித்துவிட்டு இந்தக் கல்லை விழுங்கிப் பிழைத்தால் விடுதலை என்றார்கள். அவனும் ஒத்துக்கொண்டான். சில மணி நேரம் துடித்துச் செத்துப்போனான். இதற்குப் பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. 1603-இல் இங்கிலாந்தில், நூறு பவுண்டு கொடுத்துப் பெசோர் என்று வாங்கிய கல் பெசோரே இல்லை என்று ஒருவர் வழக்குப் போட்டார். ‘இது பெசோர்’ என்று விற்றவர் சொன்னாரே தவிர உத்தரவாதம் கொடுக்கவில்லை என்று வாங்கியவருக்கு எதிராகத் தீர்ப்பானது. சட்டம் படிப்பவர்களுக்கு அந்த வழக்கு இன்றும் பாடம். குடியாத்தம் பக்கத்துப் பெரியவரும் உத்தரவாதம் எதுவும் கொடுக்கவில்லை என்பது இப்போது ஞாபகம் வருகிறது.

மனிதனைவிட நம் தெருவில் இந்தக் கட்டியால் அவதிப்படுவது மாடுகள். பழத்தோலையும் மீந்த சோற்றையும் கேரி பேக்கில் முடிச்சுப் போட்டு எறிகிறோம், மாடு பையோடு விழுங்குகிறது. மாட்டின் பெருவயிறு அண்டா மாதிரி பெரியது, ஆனால் அதிலிருந்து வெளியேறும் வழி சிறியது. பிளாஸ்டிக் அசைபோட மேலேயும் வராது, கீழேயும் போகாது. 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது அதே ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி.

வீட்டில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, மேல்வயிற்று வலி, வாந்தி, எடை குறைவது என்று வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் போக வேண்டும். ஸ்கேனில் சந்தேகம் வந்தால் எண்டோஸ்கோப்பியில் கட்டியை நேரே பார்த்துவிடலாம். வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், வாயுவும் மலமும் போகாமல் இருந்தால் அது குடலடைப்பாக இருக்கலாம், ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. குழந்தை விழுங்கியது பொத்தான் பேட்டரியோ, ஒன்றுக்கு மேற்பட்ட காந்தமோ என்றால் கட்டி சேரும் வரை காத்திருக்கிற விஷயமே இல்லை. பேட்டரி உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் வேக வைத்துவிடும். காந்தங்கள் குடலின் இரண்டு மடிப்பை நடுவில் வைத்து ஒன்றையொன்று பிடித்து ஓட்டை போட்டுவிடும். வாழைப்பழம் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காமல் உடனே கிளம்புங்கள்.

சித்தி விஷயம் சொல்லாமல் விட்டுவிட்டேன். மருந்து எடுத்து வந்த ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டார், அப்புறம் பழையபடி எரிச்சல். பல வருஷம் கழித்து வேலூரில் எண்டோஸ்கோப்பி செய்தபோது கட்டியும் இல்லை, முடியும் இல்லை. சிறுகுடலின் தொடக்கத்தில் புண், அதற்குக் காரணம் ஹெலிகோபேக்டர் என்ற கிருமி. பதினான்கு நாள் மாத்திரையில் சரியாகிவிட்டது. இப்போது பேரனோடு உட்கார்ந்து தட்டு நிறையப் பிரியாணி சாப்பிடுகிறார். கேட்டால், “பாதி அன்னைக்கே வெளிய வந்துடுச்சிடா, மீதிக்குத்தான் மாத்திரை” என்பார்.